மறு: ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் டிரைவர்’ – ‘மடை இயக்கி’ என்று வைத்துக்கொள்வோமா?

வணக்கம் நண்பர்களே,

கணினியின் தட்டுக்குத் தரவு போய்வருவதைக் கவனிக்கிற சில்லு ‘ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்’. அதை இயக்குகிற மென்பொருளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஓடுகிற இந்த இழையை இரண்டு வாரமாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். போன சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குக் கணினி திருத்தச் சொல்லிக்கொடுக்கிறேன். அன்றைக்கு ஒரு மேசைக் கணினியில் விண்டோஸ் 10 நிறுவப் போனோம். இன்டெல் 12ஆம் தலைமுறைச் செயலி, உள்ளே ஒரு என்.வி.எம்.ஈ. தேக்ககம் (தரவைச் சேமிக்கிற, சுழலாத சிறு அட்டை). பென் டிரைவிலிருந்து நிறுவி (விண்டோஸை நிறுவுகிற நிரல்) கிளம்பியது, மொழி கேட்டது, எங்கே நிறுவுவது என்று கேட்கிற திரையும் வந்தது. பட்டியல் வெறுமையாக இருந்தது. அந்த இடத்துக்கு நான் அச்சடித்துக் கொடுத்திருந்த குறிப்பு இது:

“இயக்ககம் எதுவும் கிடைக்கவில்லை. இயக்கியை ஏற்றுக.”

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிற ஒரு பிள்ளை அதை இரண்டு மூன்று தரம் வாசித்தாள். பிறகு கணினியை நிறுத்தி, பெட்டியைத் திறந்து, என்.வி.எம்.ஈ.யைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினாள். ஏன் என்று கேட்டேன். “அதத்தானே சேர் ஏத்தச் சொல்லியிருக்கு” என்றாள்.

பிழை அவளுடையது இல்லை. தட்டுக்கு ‘இயக்ககம்’, அதை இயக்குகிற மென்பொருளுக்கு ‘இயக்கி’ என்று நாம்தான் எழுதிவைத்தோம். நுனியில் மட்டும் வேறுபடுகிற இரண்டு சொற்களை ஒரே மூச்சில் வாசித்து, ஒன்று பொருள், மற்றது நிரல் என்று ஒரு பிள்ளை எப்படிப் பிரித்து அறியும்? அதனால் என் முதல் வேண்டுகோள், தட்டைக் குறிக்க ‘இயக்ககம்’ என்பதைக் கைவிடுவோம். ‘தேக்ககம்’ போதும். சுழலும் வன்தட்டுக்கும் அது பொருந்தும், சுழலாத என்.வி.எம்.ஈ.க்கும் பொருந்தும்.

> எல்லா இயக்கிகளும் இயக்கிகள்தானே. இதற்கு மட்டும் தனிப்பெயர் எதற்கு?

நல்ல கேள்வி. அச்சுப்பொறிக்கோ ஒலிக்கோ இயக்கி இல்லாவிட்டால் பணிசெயல் முறைமையை (விண்டோஸ், லினக்ஸ் போன்றதை) நிறுவிவிட்டு நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம். இதை அப்படித் தள்ளிவைக்க முடியாது. முறைமை போய் உட்கார வேண்டிய இடமே தேக்ககம். அதைத் திறக்கத் தெரிந்த இயக்கி கையில் இல்லாவிட்டால் உட்கார இடமே இல்லை. நிறுவி முடித்த கணினியிலும் இதே கதைதான். இயக்கிக் கோப்பு தேக்ககத்துக்குள் கிடக்கிறது, தேக்ககத்தைத் திறக்க அந்த இயக்கியே வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி. அதனால்தான் விண்டோஸ் இதைத் தொடக்கத்திலேயே ஏற்றுகிறது, லினக்ஸ் தொடக்கப் பொதியில் கட்டி வைக்கிறது. மற்ற எதற்கும் முன்னால் வர வேண்டிய இயக்கி என்பதால் அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்கிறேன்.

மூத்தவர்களுக்கு விண்டோஸ் எக்ஸ்பி காலம் நினைவிருக்கும். எக்ஸ்பி வந்தது 2001இல், சாட்டா தட்டுகளோடு கணினி பேசும் முறையான ஏ.எச்.சி.ஐ. வரையறை வந்தது 2004இல். ஆகவே அந்த இறுவட்டில் அதற்கான இயக்கி இல்லை. நிறுவல் தொடங்கிய உடனே எஃப்6 விசையைத் தட்டி நெகிழ்வட்டை (ஃபிளாப்பி) செருக வேண்டும். விஸ்டாவில் அந்தத் தொல்லை தீர்ந்தது. பிறகு 2011இல் என்.வி.எம்.ஈ. வந்தது, 2009இன் விண்டோஸ் 7 அதன் முன் திகைத்து நின்றது. இப்போது இன்டெல்லின் வி.எம்.டி. (தேக்ககத்துக்கு முன்னால் நிற்கிற இன்னொரு அடுக்கு) வந்திருக்கிறது. வன்பொருள் ஒவ்வொரு முறை முந்தும்போதும் அதே வெறுமையான பட்டியல் திரும்ப வருகிறது. இந்தச் சொல்லுக்கு இனியும் வேலை இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். ‘சேமிப்பகக் கட்டுப்படுத்தி இயக்கி’ பிழையில்லாத மொழிபெயர்ப்புதான், ஆனால் யார் வாயிலும் நிற்காது. வகுப்பில் அதைச் சொன்னால் ‘கட்டுப்படுத்தி’ மட்டும் காதில் விழுகிறது. விளையாட்டுப் பிடி என்று நினைக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லையே தமிழில் எழுதலாம் என்றால் இங்கே வேறு சிக்கல். தோட்டத்தில் ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.

> ‘தேக்ககக் கங்காணி’ எப்படி? மலையகத்துக்கே உரிய சொல். ‘கண்காணி’ என்பதுதானே அதன் வேர்.

வேர் சரி. எழுதியவரின் அன்பும் விளங்குகிறது. ஆனாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் கட்டிக் கூட்டிவந்து, தலைக்காசு வாங்கி, கடனை எழுதிவைத்தவரின் பெயர் அது. அந்தக் கடன் எழுதிய ‘துண்டு’ 1921இல் சட்டப்படி ஒழிந்தது. எங்கள் பாட்டி அதற்கு அப்புறம் பிறந்தவர். அவருமே அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார். ஒரு பிள்ளை முதன்முதலாகக் கணினியைத் திறக்கிற இடத்தில் அந்தப் பெயர் நிற்க வேண்டாம். தவிர, கன்ட்ரோலர் சில்லு சும்மா மேற்பார்வை பார்ப்பதில்லை. தரவு உள்ளே போவதும் வெளியே வருவதும் அதன் வழியாகத்தான்.

அதற்காகவே ‘மதகு’ என்று தமிழ்நாட்டு நண்பர் சொன்னது எனக்கு உடனே பிடித்துப்போனது. தேக்ககம் என்றால் தேக்கம். தேக்கத்தில் நீரை வாங்கி விடுகிற வழி மதகு. எங்கள் பிள்ளைகள் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போகிறவர்கள். மழை காலத்தில் மேல் கொத்மலை அணையில் வான்கதவு திறந்த செய்தி கேட்காத வீடு இங்கே இல்லை. (‘வான்கதவு’ என்பதையும் யோசித்தேன். ஆனால் அது மிஞ்சின நீரை வெளியேற்றுவது. நமக்கு வேண்டியது அன்றாடம் நீர் போகிற வழி.)

வகுப்பில் ‘மதகு’ என்று சொல்லிப் பார்த்தேன். “ரோட்டுக்குக் கீழ தண்ணி போற மதகா சேர்?” என்றான் ஒருவன். இலங்கையில் மதகு என்றால் பெரும்பாலும் அதுதான். அங்கே நீர் தேங்குவதும் இல்லை, திறப்பதும் மூடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் ஒன்றையும் இங்கே இன்னொன்றையும் குறிக்கிற சொல்லை வைத்தால் இரண்டு பக்கமும் தடுமாறும்.

அதனால் ‘மடை’ என்கிறேன். ‘மடை திறந்த வெள்ளம்’ இரண்டு கரையிலும் ஒன்றுதான். இரண்டே எழுத்து. மடையன் என்ற வசை நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்லக்கூடும். வகுப்பில் ஒரு நிமிடம் சிரித்தார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள்.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க, பயோஸில் (கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) உள்ள தெரிவுகளை அதை வைத்தே விளக்கினேன். சாட்டா தட்டுகளுக்கு மடை தாய்ப்பலகையில் இருக்கிறது. என்.வி.எம்.ஈ.யில் மடை தேக்ககத்தின் உடம்பிலேயே இருக்கிறது. வி.எம்.டி. என்பது அந்த மடைக்கு முன்னால் போட்ட இன்னொரு மடை. முன்மடைக்கு இயக்கி இல்லாவிட்டால் பின்னால் எவ்வளவு பெரிய தேக்ககம் இருந்தாலும் நிறுவியின் கண்ணில் படாது. பிள்ளைகளுக்கு அது அந்த நிமிடமே பிடிபட்டது. பயோஸில் வி.எம்.டி.யை அணைத்தால் போதுமே என்று அவர்களே கேட்டார்கள். புதிதாக நிறுவுகிற, ரெயிட் (பல தட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது) கட்டாத கணினியில் அது சரிதான்.

‘மடைமாற்றம்’ என்ற சொல்லும் கூடவே கிடைத்துவிடுகிறது. ஏற்கெனவே விண்டோஸ் ஓடுகிற கணினியில் ரெயிட்டிலிருந்து ஏ.எச்.சி.ஐ.க்குச் சும்மா மாற்றினால் 7பி என்று முடிகிற நீலத்திரை வரும். முறைமை பழைய மடையின் இயக்கியோடு புதிய மடையில் நிற்கிறது. முதலில் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) தொடங்கும்படி செய்துவிட்டு, பிறகு பயோஸில் மாற்றி, ஒருமுறை பாதுகாப்பு முறையில் ஏறவிட்டால் விண்டோஸ் தன்னிடம் இருக்கிற சரியான இயக்கியை எடுத்துக்கொள்ளும். ‘மடைமாற்றத்துக்கு முன் இயக்கியைத் தயார் செய்’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடிகிறது.

அன்றைக்கு நாங்கள் வி.எம்.டி.யை அணைக்கவில்லை, இயக்கி ஏற்றுவதைப் பழக வேண்டும் என்று விட்டுவைத்தேன். எந்த இயக்கி என்று தெரிய வன்பொருள் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், 1022 என்றால் ஏ.எம்.டி. இன்டெல் தருகிற நிறுவல் கோப்பை அப்படியே பென்னில் போட்டுப் பயனில்லை. அதை விரித்து, ஐ.என்.எஃப். கோப்பு (இயக்கியை எப்படி நிறுவுவது என்று சொல்வது) இருக்கிற அடைவைப் போட வேண்டும். ஏ.எம்.டி. ரெயிட் என்றால் மூன்று இயக்கிகளை வரிசை தப்பாமல் ஏற்ற வேண்டும். இரண்டாம் தரம் முயன்றபோது அந்தப் பிள்ளையே அடைவைக் காட்டினாள். தேக்ககம் பட்டியலில் வந்து நின்றது.

> கன்ட்ரோலருக்கு எல்லா இடத்திலும் ஒரே சொல் வேண்டாமா?

வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். வீட்டுக்குக் கதவு, போத்தலுக்கு மூடி, ஆற்றுக்கு அணை. மூன்றும் அடைப்பவைதான், அதற்காக மூன்றையும் அடைப்பான் என்று யாரும் சொல்வதில்லை. மற்ற இடங்களில் ‘கட்டுப்படுத்தி’ அப்படியே இருக்கட்டும். டிரைவருக்குக் கண்டி நண்பர் கேட்ட ‘சாரதி’ இங்கே எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் அது ஆளைக் குறிக்கும், ‘சாரதியை நிறுவுக’ என்று எழுத மனம் வரவில்லை. ‘இயக்கி’ நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம்.

ஆக, குறிப்பில் அந்த வரியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“தேக்ககம் எதுவும் தென்படவில்லை. மடை இயக்கியை ஏற்றுக.”

மட்டக்களப்பு, வன்னிப் பக்கம் வயலோடு பழகினவர்கள் ‘மடை’யை வேறு பொருளில் பாவித்தால் கட்டாயம் சொல்லுங்கள். வருகிற சனிக்கிழமை வகுப்புக்குப் புதுக் குறிப்பு அச்சடிக்க வேண்டும்; வெள்ளிக்குள் எழுதினால் திருத்திவிடலாம்.

அன்புடன்,
நோர்வூட்டிலிருந்து