சின்ன கம்ப்யூட்டர் கேஸில் 89 டிகிரி: ஃபேனைத் திருப்பிப் பூட்டிவிட்டார்களா?

ரங்கூன்வாசி:
வணக்கம். போன மாதம் கம்ப்யூட்டருக்குச் சின்ன கேஸ் (பெட்டி) ஒன்று வாங்கி, கடையிலேயே பூட்டித் தரச் சொன்னேன். மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன அளவு மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசசர், அதைக் குளிர்விக்க அதோடு வந்த கூலர். கேஸில் 120 மி.மீ. ஃபேன் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கேம் ஓட்டினால் பத்தே நிமிடத்தில் பிராசசர் சூடு 89 டிகிரி. பக்கத் தகட்டைக் கழற்றினால் 77-க்கு இறங்குகிறது. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவியும் பலனில்லை. ஏப்ரல் வெயில் என்று விட்டுவிடலாமா? ராத்திரி கரண்ட் இருக்கும்போதும் இதே கதைதான்.

மோல்மேன் அண்ணன்:
தகட்டைத் திறந்ததும் 12 டிகிரி இறங்குகிறது என்றால் கூலர் மேல் பழி போடாதீர்கள். உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் கிடக்கிறது. 5600-க்கு எல்லையே 90 டிகிரி. தொட்டால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்பக்கக் கம்பி வலையை வெளியிலிருந்து பாருங்கள். தூசி இருக்கிறதா?

ரங்கூன்வாசி:
இருக்கிறது. பஞ்சு பஞ்சாக, விரலால் உரித்து எடுக்கலாம். முன்பக்க வலையிலும் அதே அளவு.

மோல்மேன் அண்ணன்:
அப்போது இரண்டு ஃபேனும் உள்ளேதான் இழுக்கின்றன. வெளியே தள்ளும் ஃபேனின் வலையில், அதுவும் வெளிப்புறத்தில், இப்படி ஒட்டாது. ஊதுபத்தி ஒன்று கொளுத்திப் பின்பக்கம் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புகை உள்ளே ஓடினால் சந்தேகமே இல்லை.

இனி ஃபேனைக் கவனியுங்கள். ஒரு பக்கம் இறக்கைகள் திறந்தபடி தெரியும், காற்று அந்தப் பக்கம் நுழையும். மறுபக்கம் நடுவிலிருந்து சட்டத்துக்கு மூன்று நான்கு கால்கள் போகும், பெரும்பாலும் ஸ்டிக்கரும் அங்கேதான். காற்று வெளியேறுவது அந்தக் கால் பக்கம். சிலவற்றில் சட்டத்தின் ஓரத்தில் அம்புக்குறியும் இருக்கும். இறக்கைப் பக்கம் பார்க்க அழகு என்று கடையில் அதை வெளியே காட்டிப் பூட்டியிருப்பார்கள்!

பெகு தம்பி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். கழற்றுவதற்குப் பதில் வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்றாதா அண்ணே?

மோல்மேன் அண்ணன்:
சுற்றாது தம்பி. பொம்மைக் கார் மோட்டார் இல்லை அது. உள்ளே சின்ன சர்க்யூட் இருக்கிறது. பிளஸ் மைனஸ் மாற்றினால் நின்றுவிடும், கெட்டும் போகலாம். பயாஸிலும் (மதர்போர்டின் செட்டிங் திரை) வேகத்தைத்தான் மாற்றலாம், திசையை முடியாது. நாலு திருகாணி கழற்றச் சோம்பல் படாதே.

ரங்கூன்வாசி:
புகை நேராக உள்ளே போனது. பின்பக்க ஃபேன் இறக்கையை வெளியே காட்டிக்கொண்டுதான் நிற்கிறது. கரண்ட் போனதும் திறந்துவிடுகிறேன்.

மோல்மேன் அண்ணன்:
கரண்ட் போனதை நம்பிக் கை வைக்காதீர்கள், நம் ஊரில் அது சொல்லிவிட்டா வருகிறது? பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், மிச்சம் இருப்பது வடியட்டும். முன் ஃபேனைத் தொட வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது.

ரங்கூன்வாசி:
முடிந்தது. இரண்டு இடத்தில் திண்டாடினேன். திருப்பியதும் வயர் எதிர் மூலைக்குப் போய், மதர்போர்டுக்கு எட்டவில்லை. ஃபேனைக் கால் சுற்று திருப்பி வைத்ததும் எட்டியது. அப்புறம் திருகாணி. மறுபக்கத் துளையில் மரை இல்லை, திருகாணியே பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டு போக வேண்டும். நாலாவதை முறுக்கும்போது உள்ளங்கை சிவந்துவிட்டது.

தகட்டை மூடிவைத்து அதே கேம், அரை மணி நேரம்: 78 டிகிரி. இப்போது பின்பக்கம் கை வைத்தால் சூடாகக் காற்று வருகிறது. மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டேன். ஊதுபத்திச் சாம்பல்தான் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, அதற்கு ஒரு பிரஷ் தேட வேண்டும்.