வேலை பார்த்துக்கொண்டே டிகிரி, பிறகு எல்எல்பி: தபால் வழி பிஏ போதுமா?

ஈரோடு_புக்கிங்: வயது 29. பிளஸ் டூ முடித்த கையோடு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கெழுத வந்தவன். அப்பாவின் விபத்து இழப்பீட்டு வழக்குக்காக கோர்ட் வராந்தாவில் காத்துக் கிடந்தபோதுதான் சட்டம் படிக்கும் ஆசை வந்தது. மூன்று வருட எல்எல்பிக்கு டிகிரி வேண்டும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பிஏ போடலாமா, கடன் வாங்கியாவது மாலை நேரக் கல்லூரியில் சேரலாமா? வீட்டில் என் சம்பளம் மட்டும்தான்.

கருப்பு_அங்கி: கடனே வேண்டாம் தம்பி, இக்னோ போதும். தபால் வழியில் வாங்கிய டிகிரியும் எல்எல்பிக்குச் செல்லும் என்று சட்டப் படிப்புக்கு விதி போடும் பார் கவுன்சிலின் 2008 விதிகளிலேயே இருக்கிறது. பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை மட்டும் பிசகக் கூடாது, உங்களுக்கு அது சரியாக இருக்கிறது. நான் குடோனில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டே அப்படித்தான் பிஏ முடித்தேன், இன்று வக்கீல்.

மதுரை_செல்வி: சார், செல்லும் என்பது வேறு, சீட் கிடைப்பது வேறு. பார் கவுன்சில் விதிப்படி டிகிரியில் பொதுப் பிரிவுக்கு 45, ஓபிசிக்கு 42, எஸ்சி எஸ்டிக்கு 40 சதவீதம் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருடப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கை வைத்துத்தான் ரேங்க். என் தம்பி பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தபடி தபாலில் படித்தான். ராத்திரி ஆயில் டப்பா அட்டையை மடியில் வைத்து அசைன்மென்ட் எழுதுவான், வண்டி வந்தால் எழுந்து ஓடுவான். பாஸ் ஆனான், ஆனால் 39 சதவீதம். எழுதியதில் என்ன தப்பு என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. மாலைக் கல்லூரி என்றால் கேள்வி கேட்க ஒரு வாத்தியாராவது இருப்பார்.

கருப்பு_அங்கி: உங்கள் தம்பி பட்ட பாடு எனக்கும் தெரியும் அம்மா, ஆனால் அதற்குத் தபால் வழியைக் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இக்னோவில் ஜூன், டிசம்பர் என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு, மூன்று வருடப் படிப்பை முடிக்க 6 வருடம் வரை அவகாசம். அவசரப்பட்டு எல்லாத் தாளையும் ஒரே மூச்சில் எழுதுவதால்தான் மார்க் போகிறது. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம் இருக்கிறது, அது வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எழுதி வாங்கும் மார்க்.

ஈரோடு_புக்கிங்: 6 வருடமா! எனக்கு 35 ஆகிவிடும். இங்கே ஒரு ஏஜென்ட் வெளிமாநில யுனிவர்சிட்டியில் ஒரே வருடத்தில் டிகிரி வாங்கித் தருகிறேன் என்கிறார்.

மதுரை_செல்வி: அந்தப் பக்கமே போகாதீர்கள்! வக்கீலாகப் பதிவு செய்யும்போது எல்லாச் சான்றிதழும் கேட்பார்கள். 2023-இல் சுப்ரீம் கோர்ட்டே வக்கீல்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஒரு கமிட்டி போட்டது.

திருச்சி_மாலை: நீங்கள் இரண்டு பேரும் பிஏவுக்கே சண்டை போடுகிறீர்கள். அடுத்த மூன்று வருடத்தை யாரும் பேசவில்லையே? எல்எல்பியைத் தபாலில் படிக்க முடியாது. வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு, 70 சதவீத வருகை. லாரி ஆபீஸ் சம்பளம் அப்போது எப்படி வரும்? இன்றைக்கே கடன் வாங்கினால், சம்பளம் நிற்கும் நேரத்தில்தான் வட்டி கழுத்தைப் பிடிக்கும்.

கருப்பு_அங்கி: அதைத்தான் முதலிலேயே கடன் வேண்டாம் என்றேன். மாலைக் கல்லூரிக்குக் கட்டும் பணத்தை மாதாமாதம் தபால் ஆபீஸ் ஆர்டியில் போடுங்கள்.

மதுரை_செல்வி: பணம் சேரும் சார், மார்க்? குறைந்த மார்க்கில் அரசு சீட் போய், தனியாரில் சேர்ந்தால் அந்த ஆர்டி எத்தனை நாளைக்கு?

ஈரோடு_புக்கிங்: எங்கள் ஆபீஸில் காலை லோடு பத்து மணிக்குள் முடிந்துவிடும், அடுத்த வண்டி மூன்று மணிக்குத்தான். அந்த ஐந்து மணி நேரத்தை எனக்கு விட முடியுமா என்று முதலாளியிடம் திங்கட்கிழமை கேட்கிறேன். சரி என்றால் இக்னோவே போடுகிறேன். செல்வி அக்கா, எழுதிய அசைன்மென்ட்டை இங்கே போட்டால் உங்கள் தம்பி ஒருமுறை பார்த்துச் சொல்வாரா?

மதுரை_செல்வி: போடுங்கள். நானே பார்க்கிறேன், அவனையும் பார்க்கச் சொல்கிறேன். மாலைக் கல்லூரிதான் நல்லது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.