வெட்டிய மரத்துக்குப் பூ முடிச்சு

கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் நவம்பர் கடைசியில் தொடங்கும் ‘கிறிஸ்துமஸ் இன் தி பார்க்’ விழாவைப் பார்க்கப் போவது வேறு, அங்கே மரம் அலங்கரிக்கப் போவது வேறு. பிளாசா டி சீசர் சாவேஸ் பூங்காவின் நடைபாதை ஓரங்களில் 500க்கும் மேற்பட்ட கிறிஸ்துமஸ் மரங்கள். பள்ளிகள், சாரணர் குழுக்கள், நிறுவனங்கள் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். என் மகளின் வகுப்புக்கும் ஒன்று கிடைத்தது.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரும் உடன் வந்தார். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “ஏம்மா, வேரே இல்லையே. இதற்கா இத்தனை சிங்காரம்?” என்றார். மஞ்சள் கயிறும் தொட்டிலும் கட்டிய அரசமரத்தை நாள்தோறும் சுற்றியவர். நான் என்ன பதில் சொல்ல?

பிள்ளைகள் வண்ண அட்டையில் நட்சத்திரம் வெட்டிவந்திருந்தார்கள். தொங்கவிடக் கம்பிக் கொக்கிகள் கொடுத்தார்கள். மாமியாருக்குக் கொக்கியில் நம்பிக்கை இல்லை. கைப்பையிலிருந்து பூக்கட்டும் நூல்கண்டை எடுத்தார். (அமெரிக்காவுக்கு எதற்கு நூல்கண்டு என்று கிளம்பும்போது கேட்டவள் நான்தான்.) விரலில் நூலைச் சுற்றி, இழுத்து, அடுத்தது. குளிரில் விரைத்த விரல்களோடு நாலைந்து பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தப்பாகச் சுற்றினால் புறங்கையில் ஒரு தட்டு. அதைக் கண்டு நான் பதறினேன், பிள்ளைகள் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் காற்றோடு மழை. போய்ப் பார்த்தால் பக்கத்து மரங்களின் பொம்மைகள் தரையில் கிடந்தன. எங்கள் மரத்தில் ஒன்றுகூட விழவில்லை. ஆனால் சாயம் முழுக்கக் கரைந்து, வெறும் வெள்ளை அட்டைகள் ஒன்று விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. “முடிச்சு நின்றதா இல்லையா?” என்று கேட்டார். நின்றது.

* * *

மில்பிடாஸ் உறுப்பினரின் மறுமொழி:

சிரித்துவிட்டேன். உங்கள் மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: 1950களில் லீமா என்ற குடும்பத்தார் தங்கள் இறுதிச்சடங்கு நிலையத்தின் வாசலில் வைத்த அலங்காரக் காட்சியில்தான் இந்த விழா தொடங்கியது. பின்னரே அது நகரத்தின் பொதுவிழா ஆனது. என் அப்பாவிடம் சொன்னபோது, “சாவு வீட்டு வாசலிலா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆர்வமாகப் பார்க்க ஆரம்பித்தார். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தவர்!

* * *

சன்னிவேல் உறுப்பினரின் மறுமொழி:

அட்டையில் செய்தால் இருபுறமும் அகலமான டேப் ஒட்டிவிடுங்கள். நாங்களும் மழையில் பட்டுத்தான் கற்றோம். காரை விட்டுவிட்டு லைட் ரயிலில் போவது மேல். ஒரு சந்தேகம்: அலங்காரத்தைக் கழற்றும்போது அந்த முடிச்சுகளை எப்படி அவிழ்த்தீர்கள்?

* * *

முதலில் எழுதியவர்:

கத்தரிக்கோல். மாமியார் பார்க்காதபோது.