படுக்கவே முடியாதவரைத் தூங்க வைப்பது எப்படி? உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்

மயக்க மருந்து மருத்துவர்களான நமக்கு வரும் சிக்கல் இது; நானே தொடங்குகிறேன். இரவு 11.30. பல்வலி என்று நான்கு நாள் வலி மாத்திரையிலேயே ஓட்டியவர். தாடைக்குக் கீழே கல் மாதிரி வீக்கம், நாக்கு மேலே தூக்கி நிற்கிறது, எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் துடைத்துக்கொண்டே இருக்கிறார். லுட்விக்ஸ் ஆஞ்சைனா: பல்லில் தொடங்கி நாக்கின் அடியில் பரவி, மூச்சுப் பாதையை அடைக்கக்கூடிய தொற்று. டிராலியில் சாயச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம் சார், மூச்சு முட்டுது" என்றார்.

மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல்தான் நுழைந்தது. தசைகளைத் தளர்த்தும் ஸ்கோலின் ஏற்கெனவே சிரிஞ்சில் தயாராக இருந்தது. மருந்து கொடுத்தால் வாய் திறந்துவிடும் என்று ஒரு கணம் நானும் நினைத்தேன். திறக்காவிட்டால்? வீங்கிய தொண்டை தளர்ந்து மூடிக்கொள்ளும், மாஸ்க்கில் காற்று போகாது, எல்.எம்.ஏ. (தொண்டைக்குள் வைக்கும் மாஸ்க்) வைக்கவும் வாய் திறக்க வேண்டும். அவர் சிரமப்பட்டு இழுத்துக்கொண்டிருந்த அந்த மூச்சுதான் எங்களிடம் இருந்த ஒரே பாதுகாப்பு. சிரிஞ்சைத் தள்ளி வைத்துவிட்டு ஈ.என்.டி. மருத்துவரைக் கூப்பிட்டேன்.

உட்கார்ந்த நிலையிலேயே, விழித்திருக்கும்போதே, மூக்கு வழியாக ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் (உள்ளே பார்க்க உதவும், வளையும் மெல்லிய குழாய்) விட்டு, அதன் மேல் மூச்சுக்குழாய்க்குள் டியூபை இறக்குவது என்று முடிவானது. அது முடியாமல் போனால் மூச்சுக்காகக் கழுத்தில் வெட்ட வேண்டிய இடத்தை முதலிலேயே பேனாவால் குறித்தோம். தட்டில் 10-ஆம் எண் கத்தி, போஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), 6 அளவு டியூப். எச்சிலைக் குறைக்கக் கிளைகோபைரோலேட், மூக்குக்குச் சொட்டு, தொண்டை மரத்துப்போக 4% லிக்னோகைன் நெபுலைசேஷன் (மருந்தைப் புகைபோல இழுக்க வைப்பது). லிக்னோகைன் மொத்தத்தில் கிலோவுக்கு 9 மில்லிகிராமைத் தாண்டாமல் சிஸ்டர் சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். மற்ற மூக்குத் துளையில் ஆக்சிஜன்.

மருந்து வேலை செய்யும் வரை அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். என்ன செய்யப் போகிறோம், எப்போது இருமல் வரும், கை தூக்கினால் நிறுத்துவோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஐந்து நிமிடம் எந்த ஊசியையும் விட அவரை அமைதிப்படுத்தியது என்று உறுதியாகச் சொல்வேன்.

எதிரே நின்று ஸ்கோப் போட்டால் படம் தலைகீழாகத் தெரியும். உள்ளே எங்கும் சிவப்புச் சதை, எச்சில். "நல்லா மூச்சு இழுங்கண்ணே" என்றதும் ஓரிடத்தில் குமிழி எழுந்தது. குமிழியைப் பிடித்துக்கொண்டே போனேன், குரல்நாண் தெரிந்தது. டியூப் உள்ளே போகாமல் முட்டியது. கொஞ்சம் பின்னால் இழுத்து, இடஞ்சுழியாக 90 டிகிரி திருப்பியதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கேப்னோகிராஃபில் (வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கருவி) அலை வந்த பிறகுதான் தூங்க வைக்கும் புரோபோஃபால் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் வீக்கம் வடிந்த பின் டியூபை எடுத்தோம்.

— — —

சார், எங்களிடம் அன்று ஸ்கோப்பே இல்லை. ஸ்டவ் வெடித்த தீக்காயம், மோவாய் நெஞ்சோடு ஒட்டிப்போன பெண், கழுத்தை ஒரு இம்மிகூட நிமிர்த்த முடியாது. சீஃப் சொன்னது எளிமையான வழி: கொஞ்சம் கெட்டமின் மயக்க மருந்து, தழும்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி, சுயமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே சர்ஜன் முதலில் தழும்பை வெட்டி விடுவிக்கட்டும். கழுத்து நிமிர்ந்தது. அப்புறம் சாதாரண லாரிங்கோஸ்கோப்பிலேயே (வாய் வழியாகக் குரல்நாணைப் பார்க்கும் கருவி) டியூப் போட்டோம். சர்ஜன் முன்னால், நாம் பின்னால் என்ற அந்த வரிசை அதற்கு முன் எனக்குத் தோன்றியதே இல்லை.

— — —

இன்னொன்றையும் சேர்க்கிறேன். பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு அம்மா. கழுத்து, வாய் எல்லாம் பார்க்க நன்றாகவே இருந்தது. "முன்னாடி மயக்க மருந்து கொடுத்தப்ப ஏதாவது சிரமம்னு சொன்னாங்களா?" என்று கேட்டேன். பர்ஸிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். ஆறு வருடத்துக்கு முன் வேறு ஊரில் யாரோ ஒரு மருத்துவர் கையால் எழுதியது: 'மாஸ்க்கில் காற்று போகிறது. லாரிங்கோஸ்கோப்பில் குரல்நாண் தெரியவில்லை. மூன்றாவது முயற்சியில், போஜி வைத்து.' அதைப் படித்துவிட்டு வீடியோ லாரிங்கோஸ்கோப்பை வரவழைத்த பிறகே தொடங்கினேன். முதல் முயற்சியிலேயே டியூப் போனது. அந்தத் தாளின் பின்பக்கம் இதையும் எழுதி அவரிடமே கொடுத்தேன்.