கால் வேகத்தை நம்பியவர் 25 சீசன் ஆடியது எப்படி? (ரிக்கி ஹெண்டர்சன்)

கேள்வி: புதுரசிகன்

பேஸ்பால் பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பழைய ஆட்டக்காரர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். லெஃப்ட் ஃபீல்டர் ரிக்கி ஹெண்டர்சன் விஷயத்தில் ஒன்று பிடிபடவில்லை. 1979-இல் ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸில் தொடங்கி, 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் முடித்திருக்கிறார். 25 சீசன், 9 அணிகள், 1,406 பேஸ் திருட்டு (சக ஆட்டக்காரர் பந்தை அடிப்பதற்குக் காத்திராமல் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). ஓட்டமே மூலதனமாக இருப்பவருக்கு முப்பதைத் தாண்டினால் கால் தளர்ந்துவிடாதா? இவர் மட்டும் நாற்பதுக்கு மேலும் எப்படி ஆடினார்?

பதில்: மூன்றாம்பேஸ்

உடல்வாகு ஒரு காரணம். கட்டுமஸ்தான ஆள். அப்புறம், தலையை முன்னே நீட்டிப் பாய்ந்து சறுக்குவார். விமானம் ஓடுபாதையில் இறங்குகிற மாதிரி, தரையை ஒட்டித் தாழ்ந்து வந்து படிவார். மேலேயிருந்து தொப்பென்று விழுகிறவர்களுக்குத்தான் அடி பலமாகப் படும்.

பதில்: ஸ்கோர்புத்தகம்

மூலதனம் ஓட்டம் என்று வைத்துக்கொண்டதால்தான் கணக்கு உதைக்கிறது. ரிக்கியின் மூலதனம் கண். ஊரெல்லாம் 1,406-ஐப் பற்றியே பேசுவதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. அவருடைய உண்மையான எண் 2,295. அத்தனை ரன் எடுத்திருக்கிறார், அதாவது அத்தனை தடவை பேஸ்களையெல்லாம் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அமெரிக்காவின் உச்ச நிலைப் போட்டியான மேஜர் லீக் வரலாற்றில் அதற்கு மேல் எவரும் இல்லை. திருட்டு அதற்கான வழி, அவ்வளவுதான்.

அவர் பேட்டோடு நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, எடையைப் பின்காலில் போட்டுக் குறுகி நிற்பார். ஸ்ட்ரைக் ஜோன், அதாவது பிட்சர் (பந்து வீசுபவர்) குறிவைக்க வேண்டிய பகுதி, பேட்ஸ்மேனின் உடல் அளவையும் நிற்கிற விதத்தையும் பொறுத்தது. அவர் குறுகக் குறுகப் பிட்சருக்குக் குறிவைக்க இடமே இருக்காது. ஜோனுக்கு வெளியே நான்கு பந்து போனால் சும்மாவே முதல் பேஸ். இதற்குப் பெயர் வாக். இப்படி 2,190. சரி, வம்பு வேண்டாமென்று நடுவில் போட்டால் அடித்துவிடுவார். ஆட்டத்தின் முதல் பேட்ஸ்மேனாக வந்து ஹோம் ரன்னோடு தொடங்கிவைத்தது மட்டும் 81 தடவை.

கால் தளர்ந்தாலும் கண் அவ்வளவு சீக்கிரம் தளர்வதில்லை. 1998-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வயது 39, மறுபடியும் ஓக்லண்ட். பேட்டிங் சராசரி .236, வேறொருவராக இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் 118 வாக் வாங்கினார், மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அதுதான் அதிகம். பேஸுக்கு வந்தபிறகு 66 திருட்டு, அதிலும் அவர்தான் முதல். 101 ரன். இதை விடவா விளக்கம் வேண்டும்?

பதில்: கேட்சர்கையுறை

மறுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். 1982-இல் 130 திருடி, லூ பிராக்கின் 118 என்ற ஒரு சீசன் சாதனையை உடைத்தார், சரி. அதே ஆண்டு 42 முறை பிடிபட்டும் இருக்கிறார். 42 அவுட் சும்மா போயிற்றே? அணிக்கு இதில் லாபமா நஷ்டமா?

பதில்: ஸ்கோர்புத்தகம்

நியாயமான கேள்வி. 1982-இன் லாபம் வெளியே தெரிகிற அளவுக்குப் பெரிதில்லை, ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அவருடைய சிறந்த ஆண்டுகளில் 1982-ஐ நான் முதலில் வைப்பதில்லை. 1985-ஐப் பாருங்கள், நியூயார்க் யாங்கீஸில் முதல் ஆண்டு. 80 திருட்டு, பிடிபட்டது 10 தடவைதான். 143 ஆட்டத்தில் 146 ரன்! ஆட்டத்துக்கு ஒரு ரன்னுக்கு மேல். பிட்சரின் தோளையும் குதிகாலையும் படித்து, எப்போது ஓடலாம், எப்போது சும்மா மிரட்டினால் போதும் என்று பழகிவிட்டார். முதல் பேஸைவிட்டு இரண்டடி கூடத் தள்ளி நின்று விரல்களை ஆட்டிக்கொண்டிருப்பார். பிட்சரின் கவனம் பாதி அங்கேயே போய்விடும். அந்த லாபம் திருட்டுக் கணக்கில் ஏறாது.

1991 மே 1-இல் 939-ஆவது திருட்டு, மொத்தக் கணக்கிலும் லூ பிராக்கின் சாதனையைத் தாண்டியது அது. மூன்றாம் பேஸைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அந்தப் படம்தான் எல்லா இடத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரியது 2001 அக்டோபர் 4. சான் டியகோ பாட்ரெஸ் அணியில், வயது 42. அதுவரை சாதனையாக இருந்த டை காபின் 2,245 ரன்னைத் தாண்ட இன்னும் ஒன்று வேண்டும். அதை ஹோம் ரன்னாகவே அடித்தார். ஹோம் ரன் அடித்தவர் நிதானமாக நடந்தே வரலாம், யாரும் அவுட் ஆக்க முடியாது. இவர் பிளேட்டை நெருங்கியதும் சறுக்கினார். மூன்று நாள் கழித்து 3,000-ஆவது ஹிட்டும் வந்தது.

புதுரசிகன்:

ரொம்ப நன்றி. கடைசியில் சின்ன லீக் அணிகளில் ஆடினார் என்றும் படித்தேன். பணத்துக்காகவா?

ஸ்கோர்புத்தகம்:

அந்த லீகுகளில் பணம் ஏது? 2003-இல் மேஜர் லீக் அணி எதுவும் கூப்பிடாததால் நியூவர்க் பேர்ஸ் அணியில் சேர்ந்து ஆடினார். அங்கிருந்துதான் டாட்ஜர்ஸ் அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டும் நியூவர்க், 2005-இல் 46 வயதில் சான் டியகோ சர்ஃப் டாக்ஸ். அவருக்கு ஆட வேண்டும், அவ்வளவுதான். 2009-இல் பேஸ்பாலின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே. 2024 டிசம்பரில் காலமானார்.

பழைய ஆட்டம் எதையாவது பார்ப்பதாக இருந்தால் 1989 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரில் தொடங்குங்கள், ஓக்லண்டுக்காக, டொராண்டோ ப்ளூ ஜேஸுக்கு எதிராக. ஐந்தே ஆட்டத்தில் 8 திருட்டு, 7 வாக், 8 ரன். நான்காவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன்.