கரி ஒரு காலம் சொல்லுது, பானை ஓடு வேற காலம் சொல்லுது, எதை நம்புறது?

மக்களே, செமினாருக்கு தொல்லியல் காலக்கணிப்பு எடுத்துட்டு ஒரு இடத்துல மாட்டிக்கிட்டேன். கார்பன் 14 வரைக்கும் ஓகே, அரை ஆயுள் 5730 வருஷம், உயிர் போனதுலேர்ந்து குறைய ஆரம்பிக்கும், 50,000 வருஷத்துக்கு மேல போனா அளக்க ஒண்ணும் மிஞ்சாது. வயசுக்குப் பக்கத்துல பிபின்னு (Before Present, அதாவது 'இன்றைக்கு முன்') போட்டா 1950லேர்ந்து பின்னாடி எண்ணணும்ங்கறதே நேத்துதான் தெரியும், அதுவரைக்கும் இந்த வருஷத்துலேர்ந்து கழிச்சுட்டு இருந்தேன் 😅

டவுட்டு என்னன்னா, ஒரே அடுப்புக்குழியில கரித்துண்டும் பானை ஓடும் கிடைக்குதுன்னு வைங்க. கரி காட்டுறது மரத்துல அந்த வளையம் வளர்ந்த காலம், அடுப்பு எரிஞ்ச காலம் இல்ல, வயசான மரத்தோட நடுக்கட்டைன்னா நூறு இருநூறு வருஷம்கூட பழசா காட்டிடும். ஓட்டுக்கு தெர்மோலூமினசென்ஸ் (ஓட்டை சூடாக்கி அதுலேர்ந்து வர்ற ஒளிய அளக்குற முறை) பண்ணா கடைசியா நல்லா சூடுபட்ட காலம் வரும், ஆனா சுத்தி இருக்கற மண்ணோட கதிரியக்கம், ஈரம் எல்லாம் கணக்குல சேர்க்கணும்ங்கறதால பிளஸ் மைனஸ் பெருசா போயிடுது. அப்போ ரெண்டும் ஒத்துவரலன்னா என்ன பண்ணுவீங்க? குழியில கருகின தானியம் இருந்தா அதை ஏஎம்எஸ்க்கு (கார்பன் 14 அணுக்களை நேரடியா எண்ணுற முறை) அனுப்புறதுதான் பெஸ்ட்டா, அது ஒரே வருஷத்து விளைச்சல்தானே, சில மில்லிகிராம் போதும்ல?

இன்னொண்ணு, கார்பன் வயசை காலண்டர் வருஷமா மாத்துற காலிப்ரேஷன் கிராஃப் கிமு 800லேர்ந்து 400 வரைக்கும் சப்பையா படுத்துக்கிடக்கு, அதனால பல வருஷத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே கார்பன் வயசுதான் வருது. அந்தக் காலத்து சாம்பிள் மாட்டினா எப்படி சமாளிக்கிறது? ஃபீல்டுல வேலை பார்த்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.