கெக்கோப் பல்லிகளுக்கு உயிருள்ள பூச்சிகளைக் கொடுப்பது பற்றி ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை, உப்புவெளியில் வசிக்கும் நான், இரண்டு லெப்பர்ட் கெக்கோப் பல்லிகளை ஆறு மாதங்களாக வளர்த்து வருகிறேன். சுவரில் திரியும் பல்லிகளுக்கு யாரும் சோறு போடுவதில்லையே என்று அம்மம்மா சிரித்தாலும், இவற்றின் உணவு பெரும் கவலையாகவே இருக்கிறது.

கடந்த வாரம், இரவில் உண்ணப்படாமல் பெட்டிக்குள் எஞ்சிய சிள்வண்டு ஒன்று, உறங்கிய பல்லியின் வாலைக் கடித்துச் சிறு காயம் ஏற்படுத்திவிட்டது. அதன்பின், பல்லியின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தை விடப் பெரிய பூச்சியைக் கொடுப்பதில்லை; கால் மணி நேரத்தில் தின்னாதவற்றை எடுத்துவிடுகிறேன். பூச்சிகளுக்கு முதல் நாளே கரட், கீரை ஊட்டி, கொடுக்கும்போது கல்சியம் தூளில் புரட்டுகிறேன்.

தம்பலகாமம் வயல்களில் வெட்டுக்கிளி தாராளமாகக் கிடைக்கும் என்கிறார்கள். ஆனால் கிருமிநாசினி தெளித்த வயற்பூச்சிகளோடு நஞ்சும் ஒட்டுண்ணிகளும் வரலாம் என்பதால் எனக்குத் துணிவில்லை. மின்மினியோ பல்லிகளின் உயிரையே பறிக்கக்கூடியது.

ஆகவே வீட்டிலேயே சிள்வண்டு வளர்க்க விரும்புகிறேன். இருமுறை முயன்றும், மாரிகால ஈரப்பதத்தில், அவை ஒளிந்திருக்க வைத்த முட்டை அட்டைகளில் பூஞ்சணம் பிடித்து, பெரும்பாலானவை இறந்துவிட்டன. கடலோரத்தில் வசிப்பவர்கள் இதை எவ்வாறு சமாளிக்கிறீர்கள்? தண்ணீர்க் கிண்ணத்திற்குப் பதிலாகக் கரட் துண்டுகள் மட்டும் போதுமா? பல்லிகளுக்கு உணவாகக் கொடுக்கும் மாப்புழு (mealworm) வளர்ப்பவர்கள் எவரேனும் அருகில் இருந்தால், தொடக்கத்திற்குச் சிறிதளவு விலைக்குத் தர இயலுமா? ஊர்வனவற்றைப் பார்க்கும் மிருக வைத்தியர் மாவட்டத்தில் இருந்தால் அதையும் அறியத் தாருங்கள். வால் காயம் இன்னும் முழுமையாக ஆறவில்லை.